ஸ்பிட்ஃபயரில் இரண்டாவது சுற்றிலேயே வேகம் போய்விடுகிறது: 109-ஐத் திருப்பத்தில் பிடிப்பது எப்படி?

தாழ்வானம்:

டிசிஎஸ் என்னும் விமான சிமுலேட்டர் விளையாட்டில் நான் ஓட்டுவது ஸ்பிட்ஃபயர் எல்எஃப் மார்க் 9, இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர் விமானம். எதிரில் ஜெர்மானிய பிஎஃப் 109 கே-4, அதை ஓட்டுவதும் ஒரு ஆள்தான், கம்ப்யூட்டர் அல்ல. இருவரும் 5,000 அடியில், மணிக்கு 250 மைல் வேகத்தில் நேருக்கு நேர் கடந்ததும் சண்டை தொடங்குகிறது. டேங்க் முழுக்க எரிபொருள், பூஸ்ட் (இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) +18, 3,000 ஆர்பிஎம்.

முதல் சுற்றில் 30, 40 டிகிரி முந்திவிட முடிகிறது. இரண்டாவது சுற்று முடிவதற்குள் வேகமானி 140-க்கு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து 109 மூக்கைத் தூக்கிச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. பின்னாலேயே மூக்கைத் தூக்கினால் இடது இறக்கை சட்டென்று விழுந்து ஸ்பின்னில் (சுழன்றுகொண்டே விழுவதில்) போய்விடுகிறது.

கேள்விகள் மூன்று. வேகம் குறைந்தால் வட்டம் சின்னதாக வேண்டும், அது எனக்குத்தானே சாதகம்? ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) போடலாமா? எப்போதும் இடது இறக்கையே விழுவது ஏன்?

ஜாய்ஸ்டிக் மேசைமேல் வைக்கும் சாதாரண வகை. பிட்ச் அச்சில் (மூக்கை ஏற்றி இறக்கும் அசைவில்) கர்வ், அதாவது ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் அமைப்பு, எதுவும் வைக்கவில்லை.

வட்டக்கணக்கு:

வேகம் குறைந்தால் வட்டம் சுருங்கும் என்ற நம்பிக்கைதான் இங்கே கோளாறு. ஒரு எல்லை வரை அது சரி, அதற்குக் கீழே சரியில்லை. எங்கே மாறுகிறது என்பதைக் கணக்கில் பார்த்துவிடுவோம்.

ஜி என்பது திருப்பத்தில் எடை எத்தனை மடங்காகிறது என்பதன் எண். திருப்பத்தின் ஆரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கம் பெருக்கல் √(ஜி² − 1) என்பதால் வகுத்தால் வருவது. நொடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறீர்கள் என்பதற்கு அதே √ மதிப்பைப் புவியீர்ப்பால் பெருக்கி வேகத்தால் வகுத்து, வரும் ரேடியனை டிகிரியாக்க 57.3-ஆல் பெருக்க வேண்டும். இறக்கை அதிகபட்சம் எத்தனை ஜி தரும் என்பது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 1 ஜி-யில் ஸ்டால் ஆகும் (இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும்) வேகத்தைப் போல இரண்டு மடங்கில் 4 ஜி, இரண்டரை மடங்கில் 6 ஜி சொச்சம்.

கணக்குக்காக ஸ்டால் வேகம் 100 மைல், நீங்கள் தாங்கும் உச்சம் 6 ஜி என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில், இறக்கை தரக்கூடிய அத்தனையையும் இழுத்தால் இப்படி வரும்:

370 மைல், 6 ஜி: ஆரம் 472 மீட்டர், நொடிக்கு 20 டிகிரி.
250 மைல், 6 ஜி: ஆரம் 215 மீட்டர், நொடிக்கு 30 டிகிரி.
200 மைல், 4 ஜி: ஆரம் 210 மீட்டர், நொடிக்கு 24 டிகிரி.
140 மைல், 2 ஜி-க்குச் சற்றுக் குறைவு: ஆரம் 237 மீட்டர், நொடிக்கு 15 டிகிரி.
125 மைல், ஒன்றரை ஜி: ஆரம் 265 மீட்டர், நொடிக்கு 12 டிகிரி.

நடுவில் உள்ள மூன்று வரிகளை மறுபடி ஒருமுறை பாருங்கள். 250-இலிருந்து 200-க்கு வந்ததில் ஆரம் வெறும் 5 மீட்டர் குறைந்தது. 140-க்கு வந்ததும் வட்டம் பெரிதாகவே ஆகிவிட்டது, திரும்பும் வேகமோ பாதியாகிவிட்டது. மெதுவாகப் போனதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

250 மைலுக்குப் பெயர் கார்னர் ஸ்பீடு. அந்த விமானம் அதிவேகமாகத் திரும்பும் இடம் அது. ஆனால் அங்கே நிலைத்து நிற்க முடியாது. லிஃப்ட் (தூக்கும் விசை) உண்டாக்கும் டிராக் (காற்றின் தடை) ஜி-யின் வர்க்கத்தில் கூடும். ஒரே வேகத்தில் 6 ஜி இழுத்தால், நேராகப் பறக்கும்போது இருப்பதைப் போல 36 மடங்கு. எந்த பிஸ்டன் இன்ஜினாலும் அதை ஈடுகட்ட முடியாது. அதனால் முதல் அரைச் சுற்றில் வேகம் மளமளவென்று இறங்கும்.

இன்ஜின் ஈடுகட்டக்கூடிய இடம் வேறு. அதைத் தாங்கு வேகம் என்று சொல்கிறேன். உயரமும் வேகமும் குறையாமல் முடிவில்லாமல் சுற்றக்கூடிய வேகம் அது. ஒரு உதாரணத்துக்கு 180 மைலில் 3 ஜி என்று எடுத்துக்கொண்டால் ஆரம் 233 மீட்டர், ஒரு முழுச் சுற்றுக்கு 18 நொடி. நீங்கள் இறங்கி நிற்கும் 140 மைலில் ஒரு சுற்றுக்கு 24 நொடி பிடிக்கும். 180-இல் சுற்றுகிறவர் ஒரு சுற்றை முடிக்கும்போது 140-இல் இருப்பவர் 85 டிகிரி பின்தங்கியிருப்பார். முதல் சுற்றில் முந்திய 40 டிகிரி இங்கேதான் பறிபோகிறது.

109 மேலே போனதற்கும் இதிலேயே காரணம் இருக்கிறது. 250 மைல் வேகத்தை முழுக்க உயரமாக மாற்றினால் 637 மீட்டர். 140 மைலை மாற்றினால் 200 மீட்டர்தான். இரண்டு சுற்றில் 437 மீட்டர் உயரத்தை, கிட்டத்தட்ட 1,430 அடியை, நீங்கள் காற்றில் விட்டுவிட்டீர்கள். எதிரி அதில் பாதியை மிச்சம் வைத்திருந்தாலே போதும், உங்கள் தலைக்கு மேலே ஏறி நிற்பார். இன்ஜின் பலமும் ஏறும் வேகமும் கே-4 பக்கம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, முதல் 90 முதல் 120 டிகிரி வரை கார்னர் வேகத்தை அழுத்தமாகச் செலவிடுங்கள். வேகமானி 190-ஐத் தொடும்போது ஸ்டிக்கைக் கொஞ்சம் தளர்த்தி 180-இல் நிறுத்துங்கள். சுற்றுச்சண்டையில் ஸ்பிட்டுக்கு இருக்கும் உண்மையான பலம் அதன் இறக்கைதான். எடை இரண்டுக்கும் ஏறத்தாழ 3,400 கிலோ. இறக்கைப் பரப்பு ஸ்பிட்டுக்கு 22.5 சதுர மீட்டர், 109-க்கு 16 சொச்சம். ஒரு சதுர மீட்டர் சுமப்பது அங்கே 210 கிலோ, இங்கே 150. பொறுமையாகச் சுற்றினால் சுற்றுக்குச் சுற்று நீங்கள் முன்னேறுவீர்கள். அவசரப்பட்டால் அந்த வித்தியாசத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

நடுமுள்:

வட்டக்கணக்கு சொன்னதில் ஒரு திருத்தம். 100 மைல் ஸ்டால் என்பது இன்ஜினைக் கணக்கில் எடுக்காத எண். +18 பூஸ்ட்டில் புரொப்பல்லர் தள்ளும் காற்று இறக்கையின் உட்பகுதியில் அடிப்பதால் ஸ்டால் இன்னும் கீழே நிகழும். கீழ் இரண்டு வரிகளும் நிஜத்தில் அவ்வளவு மோசமாக இருக்காது. போக்கு அதேதான்.

நான் இடது இறக்கைக்கு வருகிறேன். மெர்லின் இன்ஜின், உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால், புரொப்பல்லரை வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்வினை விமானத்தை இடப்பக்கம் உருட்டப் பார்க்கும். முழுப் பவரும் குறைந்த வேகமும் சேரும்போது மூக்கும் இடப்பக்கம் ஒதுங்கும். 250 மைலில் இது தெரியவே தெரியாது, ரடர் (வாலில் மூக்கை இடவலமாகத் திருப்பும் தகடு) மேல் ஓடும் காற்றே சமாளித்துவிடும். 140 மைலில் நல்ல அளவு வலது ரடர் கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லை என்றால் விமானம் சறுக்கிக்கொண்டு பறக்கும், இடது இறக்கைக்குக் காற்று குறையும், அது முதலில் ஸ்டால் ஆகும்.

இதற்கு மேல் ஒரு தவறை எல்லோருமே செய்கிறோம். இடது இறக்கை தாழ்ந்ததும் கை தானாக ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளும். அப்போது இடது ஏலரான் (இறக்கை நுனிப்பக்கம் விமானத்தை உருட்டும் தகடு) கீழே இறங்கும். ஏலரான் இறங்கிய இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மேலும் கூடும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் இறக்கையை நாமே தள்ளிவிடுகிறோம். அடுத்த நொடி ஸ்பின்.

விழத் தொடங்கும்போது செய்ய வேண்டியது ஒன்றே: ஸ்டிக்கை ஒரு விரல்கடை முன்னே விடுங்கள். ஏலரானைத் தொடாதீர்கள், இறக்கையை ரடரால் பிடியுங்கள். ஸ்பிட்டின் இறக்கை வேரிலிருந்து நுனிக்குச் சுமார் 2.5 டிகிரி முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் வேர்ப்பகுதி முதலில் ஸ்டால் ஆகி விமானம் நடுங்கும், நுனியில் ஏலரான் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நடுக்கம் ஒரு எச்சரிக்கை மணி மாதிரி. சத்தத்தைக் கூட்டி வைத்து அதைக் கேட்டுப் பறக்கப் பழகுங்கள். லேசான நடுக்கம் தொடங்கும் இடமே இறக்கை தரும் உச்சம். நடுக்கம் கனமாகிவிட்டது என்றால் லிஃப்ட் கூடவில்லை, டிராக் மட்டும் கூடுகிறது.

கருவிப்பலகையில் டர்ன் அண்ட் ஸ்லிப் கருவியைக் கவனியுங்கள். பந்து இருக்காது, இரண்டு முள் இருக்கும். மேல் முள் சறுக்கலைக் காட்டும், அது நடுவில் நிற்க வேண்டும். சண்டையில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் 5,000 அடியில் தனியாகப் பறந்து, 140, 160, 180, 200 மைலில் முழுப் பவரில் எவ்வளவு வலது ரடர் தேவை என்று காலுக்குப் பழக்கிவிடுங்கள்.

ஸ்பின்னில் போயே விட்டால்: த்ராட்டிலை முழுக்க மூடு, சுழற்சிக்கு எதிர்ப்பக்க ரடரை முழுக்க மிதி, பிறகு ஸ்டிக்கை முன்னே தள்ளு, ஏலரான் நடுவில். சுழல் நின்றதும் ரடரை நடுவுக்குக் கொண்டுவா. வேகம் 150 மைலைத் தாண்டும்வரை இழுக்காதே. அவசரத்தில் 120-இலேயே இழுத்தால் எதிர்ப்பக்கம் இன்னொரு ஸ்பின் காத்திருக்கும்.

கனம்குறை:

ஃபிளாப் வேண்டாம். ஸ்பிட்டின் ஃபிளாப்புக்கு மேலே, முழுக்கக் கீழே என்று இரண்டே நிலைதான். கீழே போட்டால் இறங்குவதற்கான பிரேக் மாதிரி வேலை செய்யும். 109-இல் கைச்சக்கரத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம், அமெரிக்க பி-51 போர் விமானத்தில் 10 டிகிரி போட்டுக்கொள்ளலாம். அவற்றைப் பார்த்து ஸ்பிட்டில் முயலாதீர்கள்.

முழு டேங்க் எதற்கு? 85 காலன், எடை 600 பவுண்டுக்கு மேல். பாதி ஏற்றினாலே விமான எடையில் 4 சதவீதம் குறையும், 20 நிமிடச் சண்டைக்கு அது தாராளம். +18, 3,000 ஆர்பிஎம் என்பதற்கு 5 நிமிட வரம்பு இருக்கிறது. சண்டைக்குப் போகும் வழியில் +7, 2,650-இல் போங்கள், கடந்த பிறகு முழுசாகத் திறங்கள்.

தாழ்வானம்:

கணக்கு தெளிவாகப் புரிந்தது, நன்றி. ஆனால் 180-இல் நிறுத்திச் சுற்றும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. 109 அதே வட்டத்தில் எனக்கு முன்னால் 200 மீட்டரில் தெரிகிறது, ஆனால் மூக்கை அதன்மேல் கொண்டுவர முடியவில்லை. கொண்டுவர இழுத்தால் மறுபடி வேகம் போகிறது. பிறகு எப்படிச் சுடுவது?

எதிர்வளைவு:

இது மிக முக்கியமான கேள்வி. மேலே நடந்த வேகக் கணக்கு முழுவதையும் சரியாகச் செய்த பிறகும் பலர் இங்கேதான் தோற்கிறார்கள்.

ஒரு தாளில் 233 மீட்டர் ஆரமுள்ள வட்டம் போடுங்கள். அதில் 200 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி, இரண்டும் ஒரே திசையில் சுற்றுகின்றன. பின்னால் உள்ள புள்ளியிலிருந்து முன்னால் உள்ளதற்கு ஒரு கோடு இழுங்கள். உங்கள் மூக்கு வட்டத்தின் தொடுகோட்டில் இருக்கிறது, எதிரியோ அதிலிருந்து 25 டிகிரி உட்பக்கம். குண்டு போய்ச் சேர எடுக்கும் நேரத்துக்கு இன்னும் இரண்டு, மூன்று டிகிரி முன்னே வைக்க வேண்டும். ஒரே வட்டத்தில் ஒரே வேகத்தில் சுற்றும்வரை இந்த 27, 28 டிகிரி எங்கிருந்தும் வராது. நீங்கள் இழுத்து இழுத்து வேகத்தை இழப்பது இந்த இடைவெளியை மூடுவதற்காகத்தான்.

இதை மூன்று விதமாக மூடலாம்.

முதலாவது, கிட்டப் போவது. 200 மீட்டர் 100 ஆனால் அந்தக் கோணம் 25-இலிருந்து 12 ஆகிவிடும். இரு இறக்கைத் துப்பாக்கிகளின் குண்டுகள் ஒன்றுசேரும் குவியத் தூரத்தை 300 மீட்டரில் வைத்துவிட்டு அங்கிருந்தே சுடப் பார்ப்பதுதான் வழக்கமான தப்பு. திருப்பத்தில் 300 மீட்டர் என்றால் தேவைப்படும் கோணம் 40 டிகிரி, எதிரி மூக்கின் அடியில் மறைந்தே போவார்.

கிட்டப் போவதற்குத்தான் இரண்டாவது வழி, தாழ்ந்து வெட்டுவது. லோ யோ-யோ என்பார்கள். சுற்றும்போதே ஸ்டிக்கை இழுக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, மூக்கை அடிவானத்துக்குக் கீழே 10, 15 டிகிரி வட்டத்தின் உட்பக்கமாக இறக்குங்கள். கால் சுற்று அப்படியே போகட்டும். 300 அடி இறங்கினால் 180 மைல் ஏறத்தாழ 200 ஆகும். அந்த 20 மைலை வைத்துக் குறுக்கே வெட்டி, எதிரியின் வயிற்றுக்குக் கீழிருந்து மேலே வாருங்கள். ஒரே முறையில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் 20, 30 மீட்டர் நெருங்கினால் போதும். ஒரேயடியாக 1,000 அடி இறங்கினால் எதிரி மேலே நின்று உங்கள் முதுகைப் பார்ப்பார்.

மூன்றாவது, மேலே தூக்கி வருவது. நெருங்கும் வேகம் அதிகமாகி எதிரியின் வட்டத்துக்கு வெளியே வழுக்கிப் போகப்போகிறீர்கள் என்று தெரிந்ததும் இதைச் செய்ய வேண்டும். பலர் அந்த இடத்தில் இன்னும் பலமாக இழுப்பார்கள். அதற்குப் பதில் ஜி-யை 2-க்குத் தளர்த்தி, 70 டிகிரி சாய்வை 35, 40-க்குக் கொண்டுவாருங்கள். மூக்கு அடிவானத்துக்கு மேலே 20, 30 டிகிரி ஏறும், வேகம் உயரமாக மாறும். மேலே 150 மைல் அளவில் தலைகீழாகச் சாய்ந்து, கூரைக் கண்ணாடி வழியாக எதிரியின் வாலைப் பார்த்து இழுங்கள்.

இது ஏன் பலிக்கிறது என்பதை எண்ணில் பார்க்கலாம். 150 மைலில் இறக்கை தருவது 2.25 ஜி. அதே இழுப்பு மட்டத் திருப்பத்தில் 227 மீட்டர் ஆரம் தரும், ஏனென்றால் அதில் ஒரு பங்கு விமானத்தைத் தாங்குவதற்கே போகிறது. தலைகீழாக இருக்கும்போது புவியீர்ப்பும் உங்களோடு சேர்ந்து இழுக்கும், 2.25 என்பது 3.25 ஆகும், ஆரம் 141 மீட்டர். அதே வேகம், அதே ஸ்டிக் அழுத்தம், வட்டம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறுத்துவிட்டது. கீழே வரும்போது செலவான வேகமும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும்.

இப்போது உங்கள் முதல் பதிவில் சொன்ன இடம்: 109 சுற்றி ஏறத் தொடங்குகிறது. உங்கள் வேகம் 200-க்குக் கீழே இருந்தால் பின்னால் ஏறாதீர்கள். அவருக்கு அதுதான் வேண்டும். அந்த ஏற்றத்தில் உங்களுக்கு வெற்றி இல்லை. வட்டத்தின் உட்பக்கமாக லேசாக மூக்கைத் தாழ்த்தி 230, 250-க்கு வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, அவருடைய வயிற்றுக்கு நேர் கீழே இருங்கள். அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், சாய்த்துப் பார்த்தே ஆக வேண்டும். அவர் இறங்கி வரும்போது மூக்கை அவருக்கு எதிரே திருப்பி மறுபடி நேருக்கு நேர் கடக்க வையுங்கள். கே-4 வேகமாகப் பாயும்போது ஸ்டிக் கல்லாக இறுகும். 400 மைலுக்கு மேல் அவரால் உங்களைப் பின்தொடர்ந்து வளைக்க முடியாது. அந்தக் கடப்பில்தான் மறுபடி உங்கள் கை ஓங்கும்.

இன்னொரு அடையாளம். 109-இன் இறக்கை முன்விளிம்பில் ஸ்லாட் பட்டைகள் இருக்கின்றன, கோணம் கூடும்போது காற்றே அவற்றை வெளியே இழுத்துவிடும். அருகிலிருந்து பார்த்தால் இறக்கை நுனிப்பக்கம் ஒரு கறுப்புக் கீற்று தெரியும். அது தெரிகிறது என்றால் அவர் தன் எல்லைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறார், வேகம் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது நீங்கள் பொறுத்தால் போதும். கீற்று இல்லாமல் சாவகாசமாகச் சுற்றுகிறார் என்றால் மேலே ஏறச் சேமிக்கிறார்.

நடுமுள்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய மார்க் 1, மார்க் 2 ஸ்பிட் ஓட்டும் சிமுலேட்டர்களில் 109 ஸ்டிக்கை முன்னே தள்ளிப் பாய்ந்தால் நீங்களும் அப்படியே தள்ளாதீர்கள். அந்த மெர்லினின் மிதவைக் கார்பரேட்டர் எதிர்மறை ஜி-யில் இன்ஜினைத் திணறடிக்கும். 109-இல் எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் அமைப்பு, அதற்கு அந்தக் குறை இல்லை. பாதி உருண்டு, தலைகீழாகி, ஸ்டிக்கை இழுத்துப் பின்தொடர வேண்டும். 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் வடிவமைத்த துளைத்தகடு பொருத்திய பிறகு அந்தத் திணறல் பெருமளவு அடங்கியது. மார்க் 9-இல் இந்தக் கவலை வேண்டாம்.

தாழ்வானம்:

180 என்பது உதாரண எண் என்று வட்டக்கணக்கு சொல்லியிருக்கிறார். என் விமானத்துக்கு, என் எடைக்குச் சரியான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? கர்வ் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

வட்டக்கணக்கு:

அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு மாலை வேலை. 3,000 அடி, வெப்பநிலை 15 டிகிரி, காற்று பூஜ்யம், பாதி டேங்க். +18, 3,000 ஆர்பிஎம்-இல் 160 மைலில் சாய்ந்து, உயரம் 100 அடிக்கு மேல் மாறாமல் இரண்டு முழுச் சுற்று. முதல் சுற்றைத் தள்ளிவிடுங்கள், வேகம் நிலைப்பதற்கு அது. இரண்டாவது சுற்றை மட்டும் நிறுத்துகடிகாரத்தில் அளந்து எழுதுங்கள். பிறகு 170, 180, 190, 200. எந்த வேகத்தில் நேரம் மிகக் குறைவோ அதுதான் உங்கள் தாங்கு வேகம். இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும், இன்ஜின் முறுக்கத்தால் இரண்டும் ஒன்றாக வராது.

எங்கே தப்பு வரும் என்றால், உயரத்தில்தான். ஒரு சுற்றில் 200 அடி இறங்கிவிட்டால் அந்த நேரம் பொய். இறங்கியதில் கிடைத்த வேகத்தை வைத்துச் சுற்றியிருப்பீர்கள். சாய்வுக்கோணத்தைச் சரிபார்ப்பாக வைத்துக்கொள்ளலாம்: மட்டத் திருப்பத்தில் 60 டிகிரி என்றால் 2 ஜி, 70.5 என்றால் 3 ஜி, 75.5 என்றால் 4 ஜி. டாக்வியூ (பறப்புப் பதிவை அலசும் மென்பொருள்) இருந்தால் சண்டைப் பதிவைத் திறந்து உங்கள் வேகக்கோட்டையும் எதிரியின் வேகக்கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். எந்த நொடியில் அதிகமாக இழுத்தீர்கள் என்பது அந்தக் கோடு சரியும் இடத்தில் அப்படியே தெரியும்.

இந்தச் சோதனையைக் கம்ப்யூட்டர் ஓட்டும் எதிரியோடு ஒப்பிடாதீர்கள். பல சிமுலேட்டர்களில் அதற்கு எளிமையாக்கிய பறப்பு மாதிரிதான். நாம் இழக்கிற இடத்தில் அது இழக்காது.

கனம்குறை:

கர்வ் விஷயம். ஸ்பிட்டின் எலிவேட்டர் (வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் தகடு) மிக இலகுவானது. நிஜ விமானத்தின் நீளமான ஸ்டிக்கில் சில அங்குல அசைவு, மேசை ஜாய்ஸ்டிக்கில் சில மில்லிமீட்டராகிவிடுகிறது. பிட்ச் அச்சில் 15 முதல் 20 வரை கர்வ் வையுங்கள். ரடருக்கும் 10, 15. சாட்சுரேஷனை (அச்சின் உச்ச வீச்சை) குறைக்கச் சொல்வார்கள், வேண்டாம். குறைத்தால் தரையிறங்கும்போது மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட வைக்கத் தேவையான எலிவேட்டர் கிடைக்காது.

நடுமுள்:

இதில் எனக்கு மாறுபட்ட கருத்து. 20 கர்வ் வைத்தால் நடுப்பகுதி மென்மையாகும், ஆனால் வெளிப்பகுதி செங்குத்தாகிவிடும். நடுக்கத்தின் விளிம்பில் நுணுக்கமாகப் பிடிக்க வேண்டிய இடம் பல ஜாய்ஸ்டிக்குகளில் அந்தச் செங்குத்துப் பகுதிக்குள் விழுந்துவிடும். கர்வ் 10-இல் தொடங்குங்கள். 180 மைலில் நடுக்கம் வரும்போது ஸ்டிக் எத்தனை சதவீதம் பின்னால் இருக்கிறது என்று கட்டுப்பாட்டுக் காட்டியை, வலது கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தித் திரையில் வரவைத்துப் பாருங்கள். பாதிக்குள் வந்தால் கர்வைக் கூட்டலாம், பாதியைத் தாண்டினால் கூட்டக் கூடாது. முடிந்தவர்கள் ஸ்டிக்கைத் தரையில் பொருத்தி நீட்டுக்குழாய் போடுங்கள், கர்வே தேவைப்படாது.

கனம்குறை:

காட்டியில் பார்த்து முடிவு செய்யச் சொன்னது சரி. எண்ணைவிட அந்த வழிதான் எல்லா ஸ்டிக்குக்கும் பொருந்தும்.

எதிர்வளைவு:

ஜெட் ஓட்டுபவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்கும் இதே கணக்குதான், எண்கள் மட்டும் பெரியவை. 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்) வேகத்தில் 7 ஜி என்றால் ஆரம் 790 மீட்டர், நொடிக்கு 17 டிகிரி. எஃப்-16 அந்த வேகப்பகுதியிலேயே நின்று சுற்றினால் பலம், வேகத்தை விட்டால் 25 டிகிரி கோண எல்லையில் கட்டுண்டு நிற்கும். எஃப்/ஏ-18 அதற்கு நேர்மாறு, மூக்கை அதிகக் கோணத்தில் தூக்கிச் சின்ன வட்டத்தில் மடக்கும், ஆனால் அதற்கான விலையை உடனே வேகத்தில் கொடுக்கும். அதனால் கடந்தவுடன் ஒருவர் வாலை ஒருவர் துரத்தும் இரட்டை வட்டத்தை எஃப்-16 விரும்பும், மூக்குக்கு மூக்கு திரும்பும் ஒற்றை வட்டத்தை எஃப்/ஏ-18 விரும்பும். ஸ்பிட்டும் 109-உம் கடக்கும்போது ஒற்றை வட்டத்தையே தேர்ந்தெடுங்கள். சின்ன ஆரம் உங்களுடையது, கே-4-க்குத் தன் இன்ஜினைக் காட்ட நேரமும் கிடைக்காது.

தாழ்வானம்:

பாதி டேங்கில் அளந்தேன். இடப்பக்கம் 175, வலப்பக்கம் 180 மைலில் நேரம் குறைவாக வந்தது. இதே எண்களை 20,000 அடிச் சண்டைக்கும் வைத்துக்கொள்ளலாமா?

வட்டக்கணக்கு:

வேகமானி எண் ஓரளவு பொருந்தும், வட்டம் பொருந்தாது. 20,000 அடியில் காற்றின் அடர்த்தி பாதிக்குச் சற்று மேல்தான். வேகமானி 250 காட்டும்போது உண்மையான வேகம் 340 மைல், அதே 6 ஜி-க்கு ஆரம் 215-இலிருந்து 400 மீட்டராகிவிடும். இன்ஜினும் அங்கே அதே பலம் தராது, எனவே தாங்கக்கூடிய ஜி இன்னும் குறையும். அந்த உயரத்தில் தனியாக ஒரு அட்டவணை அளந்துகொள்ளுங்கள். கீழே இரண்டு சுற்றில் முடியும் சண்டை அங்கே இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், +18-க்கான 5 நிமிடத்தை அதற்கேற்ப எண்ணிச் செலவிட வேண்டும்.